வில்லி நெல்சனை நேரில் கேட்டாச்சு

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் வில்லி நெல்சனின் கச்சேரி. ஆஸ்டின் பக்கத்தில் திறந்தவெளி மேடை. கடைசி வரிசைக்கு இரண்டு வரிசை முன்னால்தான் எனக்கு இடம். வண்டியை நிறுத்த வாங்கிய காசில் இன்னொரு டிக்கெட்டே எடுத்திருக்கலாம். சரி, அதை விடுங்கள்.

1933இல் டெக்சாஸின் ஆபட் என்ற குட்டி ஊரில் பிறந்த மனிதர். தொண்ணூறைத் தாண்டிவிட்டார். உட்கார்ந்துதான் பாடினார். பக்கத்தில் மகன் மைக்கா. குரல் மெலிந்திருக்கிறது, சில வரிகளைப் பேசியே கடந்துவிடுகிறார். ஆனால் தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி, கடைசி நொடியில் வந்து சேர்ந்துகொள்ளும் அந்தக் குறும்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

என் கண்ணெல்லாம் டிரிக்கர் என்று அவர் பெயர் வைத்திருக்கும் கிடார் மேல்தான். 1969இல் வாங்கிய மார்ட்டின் கிடார். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் வகை, விரலால் மீட்டுவதற்கென்றே செய்தது. அதனால் மரத்தைக் காக்கும் தகடு அதில் கிடையாது. இவரோ பிக் என்ற சின்ன வில்லையை வைத்தே வாசித்து வாசித்து, ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டையே போட்டுவிட்டார்! திரையில் அருகில் காட்டியபோது பக்கத்து இருக்கைப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரென்றே தெரியாது.

பாட்சி கிளைன் 1961இல் பாடிப் புகழ்பெற்ற 'கிரேசி' இவர் எழுதியது என்று என்னோடு வந்த நண்பனுக்கு அங்கேதான் தெரிந்ததாம். இவனை எதற்கு அழைத்துப் போனேன்!

ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தலையில் கட்டியிருந்த துணியைக் கூட்டத்தில் வீசினார். எங்கள் வரிசைக்கு எங்கே வரப்போகிறது?