முதலில் போவது வயரிங்தான்

சிங்கப்பூரில் டிராக்டரா என்று கேட்பவர்கள் உண்டு. லிம் சூ காங் பக்கம் இன்னும் பண்ணைகள் இருக்கின்றன, பெரிய திடல்களில் புல் வெட்டவும் டிராக்டர்தான் ஓடுகிறது. அவற்றைப் பழுது பார்ப்பது என் வேலை.

பழசுதான் உழைக்கும், புதுசெல்லாம் வெறும் தகரம் என்று பேசுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. இன்றைக்கும் ஓடுகிற பழைய வண்டிகளை மட்டும் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறோம். உடைந்ததெல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. புது இன்ஜினைப் பிரித்தால் பிஸ்டன், பேரிங், கியர் எல்லாம் அருமையான வேலைப்பாடு, ஆயில் கசிவும் குறைவு.

ஆனால் 1960களில் வந்த மாஸி பெர்குசன் 135-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டால், அப்புறம் ஓடுவதற்கு கரண்டே தேவையில்லை. கோளாறு என்றால் புகையே சொல்லிவிடும்: நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் ஏர் ஃபில்டரையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். புது வண்டியில் அதைச் சொல்வது கம்ப்யூட்டர், அதைப் படிக்க அந்தந்த கம்பெனியின் சாப்ட்வேர் வேண்டும். இத்தனைக்கும் கருவிகளை மாட்டும் பின்பக்க மூன்று புள்ளி இணைப்பும், அவற்றைச் சுழற்றும் நிமிடத்துக்கு 540 சுற்று பிடிஓ தண்டும் அன்றிலிருந்து இன்றுவரை வழக்கத்தில் இருக்கின்றன, பழைய வண்டியில் மாட்டிய புல்வெட்டியைப் புதியதிலும் மாட்டலாம். இரும்பில் இருந்த இந்தப் பொதுமை எலக்ட்ரானிக்ஸில் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

"அண்ணே, மஞ்ச லைட் வந்துருச்சு, வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று ஒரு தம்பி கொண்டுவந்தார். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஈரப்புல் அப்பிக் கிடந்த ஒரு வயர் கனெக்டரைக் கழற்றினால், பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. இந்த ஊர் ஈரப்பதத்துக்கு அது சாதாரணம். நான்கைந்து வருடத்து வண்டி என்றால் பாகம் கிடைக்கும். இருபது வருடம் கழித்து அதே கம்ப்யூட்டர் பெட்டியை யார் தருவார்கள்?

புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டிகளில் இன்னொரு தொல்லை. சேர்ந்த கரியை எரிக்க அதற்கு சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சூடு வராது, அடைத்துக்கொள்ளும். அதற்காகப் புகைக் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இறக்குமதியாகும் டீசல் இயந்திரங்களுக்கு 2012 ஜூலையிலிருந்து இங்கே விதி இருக்கிறது, அது நல்லதுதான், ஒர்க்‌ஷாப்புக்குள் அந்தப் புகையைச் சுவாசிப்பது நாங்கள்தானே.

எங்களிடம் வரும் ஓட்டுநர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: வேலை முடிந்ததும் புல்லைக் காற்றடித்துத் தட்டுங்கள், வயரிங் பக்கம் வேகமாகத் தண்ணீர் அடிக்காதீர்கள், மஞ்சள் விளக்கு வந்த அன்றைக்கே வண்டியைக் கொண்டுவாருங்கள்.