வெள்ளித் தகட்டில் செம்பு இலை, பித்தளைத் தட்டான்பூச்சி: மூன்று தகடுகளின் குறிப்பு

மாதிரி: நியூயார்க்கின் டிஃபனி வெள்ளிப் பட்டறை 1878 பாரிஸ் கண்காட்சிக்கு அனுப்பிய பாத்திரங்களின் பாணி. வெள்ளியில் சுத்தியல் தழும்பு அப்படியே தெரியும்; அதன் மேல் செம்பிலும் பித்தளையிலும் செய்த இலை, மீன், தட்டான் புடைத்து நிற்கும். பட்டறையை நடத்திய எட்வர்ட் மூர் ஜப்பானியப் பொருள்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர். வாள் அணிகலன்களில் பல உலோகங்களை ஒன்றாக வைக்கும் ஜப்பானிய வழக்கம்தான் மூலம்.

வெள்ளி 925 தரம் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி), 1 மி.மீ. கனம், 80 × 50 மி.மீ. செம்பு இலைக்கு 0.6 மி.மீ. தகடு, பித்தளைத் தட்டானுக்கு 0.5.

தகடு 1. முகம் முழுக்க, லேசாகக் குவிந்த மெருகிட்ட சுத்தியலால் தழும்பிட்டு, தோல் மேல் வைத்து மரச் சுத்தியலால் நிமிர்த்தி, பிறகு இலையை வைத்தது. தவறு இங்கேதான். தழும்பின் பள்ளங்களில் இலையின் அடி படியவில்லை. இடுக்கை நிரப்பப் போட்ட கூடுதல் பற்றாசு (உலோகங்களை ஒட்ட உருக்கும் கலவை) விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடாக வழிந்தது. ராவி எடுத்தால் தழும்பும் போய்விடும். இலையைப் பற்றவைத்த பிறகு அடிக்கலாமே என்றால், ஒட்டு விரியும்.

தகடு 2. இலை உட்காரும் இடத்தை மட்டும் அடிக்காமல் சமமாக விட்டு, வெளிக்கோட்டுக்கு 1 மி.மீ. உள்ளே வரை தழும்பை இழுத்துவந்து, அந்த ஓரத்தை இலைக்கு அடியில் சுரண்டிச் சமப்படுத்தியது. இலை நன்றாகப் படிந்தது. ஆனால் கடினப் பற்றாசு (அதிக வெப்பத்தில் உருகும் வகை) ஓடட்டும் என்று தீயைச் சற்றுக் கூட்டியதில் இலை நுனி கரைந்து வெள்ளிக்குள் இறங்கிவிட்டது. செம்பும் வெள்ளியும் தொட்டுக்கொண்டிருந்தால் ஏறத்தாழ 780 டிகிரியிலேயே தொட்ட இடம் உருகும். தனித்தனியே இரண்டும் அதைவிட அதிக வெப்பம் தாங்கும். கடினப் பற்றாசு ஓடும் வெப்பத்துக்கும் இதற்கும் இடைவெளி மிகக் குறைவு.

தகடு 3. இலைக்கு நடுத்தரப் பற்றாசு, தட்டானுக்கு அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் இளக்கப் பற்றாசு. இலையின் அடியில் வெங்காரம் (பற்றாசு ஓட உதவும் போராக்ஸ்) தடவி, பற்றாசுத் துணுக்குகளை அங்கேயே உருக்கி, காகித மெல்லிசாகும் வரை ராவி, பிறகே இடத்தில் வைத்து இரும்புக் கம்பியால் கட்டியது. தீயைத் தகட்டின் மேல்தான் காட்ட வேண்டும். இலை மெல்லியது, முதலில் சூடாகும். பற்றாசு சூடான பக்கம்தான் ஓடும். இலையின் நடு நரம்பு பின்னிருந்து புடைத்தது, உள்ளே காற்று அடைபடும். அதனால் தகட்டில் 0.6 மி.மீ. துளை. துளை விடாமல் சூடேற்றினால் இலை எகிறும்.

நீர்த்த கந்தக அமிலத்தில் போடுமுன் இரும்புக் கம்பியை அகற்றுங்கள்; ஒரு துண்டு தங்கினாலும் வெள்ளி செம்பு பூசிக்கொள்ளும். இரும்பே இல்லாமலும் தட்டான் இளஞ்சிவப்பாக வந்தது: மேல்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து செம்பு எஞ்சியிருக்கிறது. பியூமிஸ் பொடி போட்டுத் தேய்த்தால் மஞ்சள் திரும்பும்.

நிறம் கடைசி வேலை. ஒரு லிட்டர் தண்ணீர், 4 கிராம் மயில்துத்தம் (தாமிர சல்பேட்), 4 கிராம் தாமிர அசிடேட். கண்ணாடி அல்லது செம்புப் பாத்திரம். எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும்: தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழிய வேண்டும். துருவிய முள்ளங்கியை மேலே பூசி, செம்புக் கம்பியில் தொங்கவிட்டு, கொதிக்கும் கரைசலில் அரைமணி அசைத்துக்கொண்டே இருந்தது. செம்பு செங்கல் நிறத்துக்கு வந்தது, வெள்ளி வெள்ளையாகவே நின்றது. கந்தகக் கரைசலில் முக்கினால் இந்த வேறுபாடு கிடைக்காது, இரண்டும் சேர்ந்து கறுக்கும்.

இந்த நிறத்தோல் மிக மெல்லியது. பழைய டிஃபனி பாத்திரமோ, இன்னொரு அமெரிக்க வெள்ளி நிறுவனமான கோர்ஹாமின் பாத்திரமோ கையில் இருப்பவர்கள் வெள்ளி மெருகுத் திரவத்தில் முக்கவே கூடாது என்பது அதனால்தான். செம்பு பளபளவென்று ரோஜா நிறத்தில் மின்னும் பழைய துண்டைப் பார்த்தால், யாரோ தேய்த்தெடுத்துவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம்.

மூன்றாவதில் மிச்சக் குறை: காம்பின் அடியில் 3 மி.மீ. நீளத்துக்கு மயிரிழை வெள்ளைக் கோடு. பற்றாசு அந்த நிறத்தை ஏற்காது. நான்காவதில் காம்புப் பக்கம் துணுக்கே வைக்காமல், நடுவிலிருந்து ஓடி வருவதே போதுமா என்று பார்க்க வேண்டும்.