மெட்ராஸ் டெரஸ் வீட்டில் ஒழுகல் நின்ற கதை

அரசு குவார்ட்டர்ஸில் இருப்பவருக்கு வீட்டு வாடகைப்படி கிடையாது. அதனால் ஒழுகினாலும் சட்டென்று வெளியே வீடு பார்த்துப் போக மனசு வராது. மேலூர் பக்கம் எனக்கு ஒதுக்கியது வெள்ளைக்காரன் காலத்து வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் செங்குத்தாக நிறுத்தி அடுக்கிய மெல்லிய செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்பில் குழைத்த செங்கல் ஜல்லி, கடைசியில் தட்டோடு.

எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலேயே ஒழுகலுக்கு மருந்தாகச் சிமென்ட் பூசியிருந்தார்கள். சிமென்ட் வெடிக்கும், வெடிப்பில் இறங்கிய தண்ணீர் திரும்ப வெளியேற வழியில்லை. ஐப்பசி மழையில் படுக்கையறைச் சுவர் ஊறி, காரை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மனு கொடுத்தால் "இடித்துவிட்டு அடுக்குமாடி வரப்போகுது சார், இதுக்குப் போய் எதுக்கு?" என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டால் பதில் இல்லை.

சரி என்று மனுவை மாற்றி எழுதினேன். ஒழுகுகிறது என்பதோடு நிறுத்தாமல், கூரை என்ன வகை, எந்தக் கட்டையின் முனை இற்றிருக்கிறது, பழைய சிமென்ட் எங்கே என்றெல்லாம் போட்டோவோடு கொடுத்து நேராய்வு கேட்டேன். உதவிப் பொறியாளர் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார். சுவருக்குள் புதைந்திருந்த முனைகளில்தான் இற்றல். நடுவில் கட்டை கணீரென்றது. ஆண்டுப் பராமரிப்புப் பணம் வெள்ளையடிக்கத்தான் காணும், ஆகவே சிறப்புப் பழுது என்று தனி மதிப்பீடு போட வேண்டும் என்றார். மார்ச் 31 தாண்டினால் ஒதுக்கிய பணம் காலாவதி. இதற்கெல்லாம் சித்திரையிலேயே அலைய ஆரம்பித்துவிடுவது நல்லது.

பணம் கிடைத்தாலும் ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. மதுரையில் 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகால் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அந்த ஊரிலேயே சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டியிருக்கிறது. கிடைத்தவர் வயசாளி. நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்கச் சொன்னார். ஜல்லி போட்டதும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்தார்கள். கட்டை துள்ளி எழும்பும் வரை அடிக்க வேண்டுமாம். ஒப்பந்தக்காரர் பாதியிலேயே "போதும்" என்றார். கொத்தனார் காதிலேயே வாங்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் சுவர் காய்ந்தே இருந்தது. அப்புறம் கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுக்க மனு போட்டேன். அது எந்தச் செலவுத் தலைப்பில் வரும் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.