குளிர்ல பிஸ்டல் பிடிக்க எந்த கிளவுஸ் சரி? நாலு மாசம் செஞ்சு பார்த்தது

டிசம்பர் முதல் வாரம் தொடங்கின வேலை, இப்ப மார்ச் முடியப் போகுது, மறக்க முன்னாடி எழுதி வைக்கிறேன். நான் தேடின நேரம் கிடைச்சதெல்லாம் 9 மில்லிமீட்டர் தோட்டா பிஸ்டல் சுடுற வெளிநாட்டு ஆக்கள் சொன்னது, நம்ம மலைக் குளிருக்கும் ஏர் பிஸ்டலுக்கும் அது பொருந்தல, அதனால நானே ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்க வேண்டியதாப் போச்சு.

நான் பழகுறது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். நின்னுக்கிட்டு ஒரே கையால பிடிச்சு சுடணும், 4.5 மில்லிமீட்டர் ஈய பெலட், நடுவுல இருக்கிற பத்தாம் வட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர், சட்டை பட்டன் அளவுதான். 1994ல விக்டோரியா கொமன்வெல்த் போட்டியில நம்ம நாட்டுப் பெண்கள் ரெண்டு பேர், மாலினி விக்ரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும், துப்பாக்கி சுடுதல்ல தங்கம் எடுத்தாங்க, அதை எங்களுக்குப் பழக்குற சேர் சொன்ன நாள்ல இருந்துதான் எனக்கு இதுல பைத்தியம். பிஸ்டல் கிளப்போடது, வீட்டுக்கு வராது, அலமாரியில பூட்டி சாவி சேர்கிட்ட இருக்கும். ஞாயிற்றுக்கிழமைல தலவாக்கலையில முதல் பஸ் பிடிச்சு நுவரெலியா போய் இறங்கினா நேரே கிளப் சுடுற ஹோல்தான்.

நுவரெலியா 1868 மீட்டர் உயரம். ஜனவரி பெப்ரவரி காலையில புல்லு மேல பனி உறைஞ்சு உப்பு தூவின மாதிரி வெள்ளையா கிடக்கும், ஹோல்ல ஹீட்டரும் இல்ல. டிசம்பர்ல என் பிரச்சினை என்னன்னா காலையில முதல் பத்து சொட் நூத்துக்கு 78, அதே நாள் பதினொரு மணிக்கு வெயில் ஏறின பிறகு 88. அதே ஆள், அதே பிஸ்டல், மூணு வாரமா இதே கதை. காலையில சுட்டு விரல் டிரிகர்ல இருக்கா இல்லையான்னே தெரியல. ஏர் பிஸ்டல் டிரிகர் பாரம் ஆகக் குறைஞ்சது 500 கிராம் இருக்கணும்னு சட்டம், எங்க பிஸ்டலும் அதுக்குக் கொஞ்சம் மேலதான் வச்சிருக்கு, அதாவது அரை லீட்டர் தண்ணி போத்தல ஒரு விரலால இழுக்கிற பாரம். அந்த பாரம் எங்க தொடங்குது எங்க விடுதுன்னு விரல் நுனிக்கு தெரியணும், மரத்துப் போன விரலுக்கு அது தெரியாது, திடீர்னு போகும், போன பிறகுதான் நமக்கே விளங்கும்.

அப்ப கிளவுஸ் போட்டா சரின்னு நினைச்சேன்.

முதல்ல பேல் பஜார்ல ஒரு கம்பளி கிளவுஸ். சூடு நல்ல சூடு, குறை சொல்ல ஏலாது. ஆனா பிஸ்டல் பிடி வால்நட் மரம், கம்பளி அதுல வழுக்குது, இறுக்கிப் பிடிச்சா கை நடுங்குது. அதை விட பெரிய விஷயம் ஒண்ணு நடந்துச்சு, அதை மறைக்காம எழுதணும். ஜனவரி ரெண்டாவது ஞாயிறு, பிஸ்டல தூக்கிட்டு டார்கெட்டுக்கு மேல இருந்து மெதுவா இறக்குறேன், இன்னும் பார்வையே பொருந்தல, குண்டு போயிருச்சு. டார்கெட்டுக்கு மேல பலகையில அடிச்சுது. பரல் முன்னுக்குத்தான் பார்த்திருந்துச்சு, முன்னுக்கு யாரும் இல்ல, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. சேர் உடனே எல்லாரையும் நிப்பாட்டிட்டு கிட்ட வந்து, "மகள், விரல் எங்க இருந்திச்சு?"ன்னு கேட்டார். வெளியதான் இருந்துச்சுன்னு நான் நினைச்சேன். அவர் பிஸ்டல வாங்கி, வெறுமையா இருக்கான்னு பார்த்துட்டு, கிளவுஸ் போட்ட என் விரலை வச்சுக் காட்டினார். கம்பளியோட தடிப்பு டிரிகர் காவலுக்குள்ள பிதுங்கி நிக்குது, விரல் வெளிய இருந்தாலும் கம்பளி டிரிகர்ல முட்டுது, எனக்கு அது தெரியவே இல்ல. அன்னைக்கோட அந்த கிளவுஸ டிரிகர் கிட்ட கொண்டு போறதில்லன்னு முடிவு. எந்த கிளவுஸா இருந்தாலும் முதல்ல பார்க்க வேண்டியது இதுதான், சூடு பிறகு.

அந்த வாரம் வீட்டுல ஒரு சோதனை செஞ்சேன், பிஸ்டல் இல்லாமலே செய்யலாம். அரை லீட்டர் போத்தல்ல தண்ணி நிரப்பி கழுத்துல தடிச்ச நூல் கட்டி மேசைக்கு கீழ தொங்க விட்டு, நூலை சுட்டு விரலோட முதல் மடிப்புக்கு முன்னால இருக்கிற சதையில போட்டு, கண்ண மூடிக்கிட்டு மெதுவா இழுக்கிறது. பாரம் விரல்ல ஏற தொடங்கின உடனே சொல்லணும், தம்பி பக்கத்துல இருந்து நூல் எப்ப விறைக்குதுன்னு பார்த்துக்கிட்டு இருப்பான். வெறும் விரல்ல ரெண்டும் ஒண்ணா வருது. கம்பளியில நூல் விறைச்சு போத்தல் அசைஞ்ச பிறகுதான் நான் சொல்றேன். இன்னொண்ணு, மேசையில பெலட் கொட்டி கிளவுஸோட ஒவ்வொண்ணா எடுத்து நிமித்தி வைக்கிறது. அதுல கம்பளி முழுசா தோல்வி.

ரெண்டாவது நைட்ரைல் பூசின வேலை கிளவுஸ், உள்ளங்கையில கறுப்பு பூச்சு, முதுகுப்பக்கம் பின்னல் துணி. இந்த மாதிரி கிளவுஸ் நம்ம நாட்டுலயே கட்டுநாயக்க, பியகம பக்கம் தயாராகி உலகம் முழுக்க போகுது, ஹார்ட்வெயார் கடையில சுலபமா கிடைக்கும். நான் யோசிக்காம 8 அளவு வாங்கிட்டேன், விரல் நுனியில வெறும் துணி மடிஞ்சு நின்னுச்சு. அளவு எடுக்கிற முறை லேசு, பெருவிரல விட்டுட்டு உள்ளங்கைய சுத்தி நூல் வச்சு அளக்கணும், 178 மில்லிமீட்டர் வந்தா 7, 203ன்னா 8, 229ன்னா 9. எனக்கு 180, அப்ப 7. முதுகுல சுத்தியல் மாதிரி ஒரு படமும் 388ன்னு ஒரு எண்ணும் கீழ நாலு இலக்கமும் இருக்கும், அது தேய்மானம், வெட்டு, கிழிசல், குத்து, இந்த வரிசை. இலக்கம் பெருசா இருந்தா குளிருக்கும் நல்லம்னு நினைக்காதீங்க, குளிருக்கு 511ன்னு தனியா இருக்கு, பக்கத்துல பனிப்படிகம் மாதிரி படம் போட்டிருக்கும். வேலை கிளவுஸ்ல பெரும்பாலும் அது இருக்காது, என்னோடதுலயும் இல்ல.

7 அளவு வாங்கின பிறகு பெலட் சோதனை பாஸ், போத்தல் சோதனை பரவாயில்ல. ஹோல்ல பத்து சொட் 81. ஆனா இதுல வேற ஒரு குறை, நான் எதிர்பார்க்காதது. ஏர் பிஸ்டல் பிடிய இடது கையால பிடிச்சு வலது கைக்குள்ள வச்சு அமுக்கி, கொஞ்சம் அசைச்சு, ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல உட்கார வைக்கணும். நைட்ரைல் ஒட்டுது, முதல் தடவை எங்க பட்டுச்சோ அங்கேயே பிடிச்சுக்குது, தப்பா வச்சா தப்பாவே நிக்கும், கை தானா இறங்கி சரியான இடத்துக்கு வராது. கார்ட பார்த்தா குண்டெல்லாம் ரெண்டு கூட்டமா பிரிஞ்சு கிடந்துச்சு. வழுக்கினா ஒரு பிரச்சினை, ஒட்டினா இன்னொரு பிரச்சினை. அதோட பிடியே வெறும் கைக்கு செதுக்கினது, கிளவுஸ் ஒரு மில்லிமீட்டர்னா சுத்தி ரெண்டு பக்கமும் ரெண்டு மில்லிமீட்டர் கூடுது, கீழ இருக்கிற உள்ளங்கைத் தட்ட அலன் கீயால தளர்த்தணும். அந்த பிஸ்டல்ல இன்னும் மூணு பேர் பழகுறாங்க, ஒவ்வொரு ஞாயிறும் நான் தளர்த்தி வச்சுட்டு வர ஏலாது.

மூணாவது கோல்ஃப் கிளவுஸ். நுவரெலியாவுல கோல்ஃப் கிளப் 1889ல இருந்து இருக்கு, அதனால பழைய கோல்ஃப் சாமான் இங்க கைமாறிக்கிட்டே இருக்கும். மெல்லிசான ஆட்டுத்தோல், விரலுக்கு இரண்டாவது தோல் மாதிரி. ஒரு விஷயம் கவனிக்கணும், வலது கைப் பழக்கக்காரங்க கோல்ஃப்ல இடது கைக்குத்தான் கிளவுஸ் போடுவாங்க, கடையில குவிஞ்சு கிடக்கிறது எல்லாம் இடது கைதான். வலது கையால சுடுற நமக்கு இடது கை ஆட்டக்காரரோட கிளவுஸ் வேணும். மூணு வாரம் கேட்டு அலைஞ்சு, மைதானத்துல வேலை செய்யிற பக்கத்து லயத்து அண்ணே ஒண்ணு கொண்டு வந்து தந்தார், அவருக்கு பெரிய நன்றி.

அது கைக்கு வந்த அன்னைக்கு ராத்திரி அடுப்படியில உட்கார்ந்து போட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தேன், அம்மா கொழுந்து பறிச்சுட்டு வந்து படங்கு அவுத்துட்டு பிளேன்டீ குடிச்சுக்கிட்டு பார்த்தாங்க. அம்மா விரல்ல எப்பவும் துணி சுத்தியிருக்கும், தண்டு உரசி வெடிக்கிற இடத்துல மட்டும், நுனி திறந்திருக்கும். "நுனிய மூடிட்டா எது தளிர் எது முத்தல்னு எப்படி புள்ள தெரியும்"னு கேட்டாங்க. முப்பது வருஷமா குளிர்லயும் மழையிலயும் ரெண்டு இலையும் ஒரு மொட்டும் விரல் நுனியால பார்த்த கை அது. நான் கத்திரிக்கோல் எடுத்து சுட்டு விரல இரண்டாவது மடிப்போட வெட்டி, ஓரம் பிரியாம நூலால பூவோட்டம் போட்டேன்.

பெப்ரவரி முழுக்க அதுலதான் பழகினேன், 84, 83, 85. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா வெட்டின விரல் குளிர்ல மரத்துப் போறது அப்படியே இருக்கு, மத்த நாலு விரலும்தான் சூடு. அதோட மணிக்கட்டுல ஒட்டுற பட்டி. சர்வதேச சட்டப்படி பிஸ்டல் பிடிச்சிருக்கும் போது மணிக்கட்டு திறந்து தெரியணும், அதை மறைக்கிறதோ தாங்குறதோ கூடாது. பழகும்போது போட்டு போட்டியில கழட்டினா பிடி மாறிடும், அப்ப நாலு மாசம் பழகினதுக்கு என்ன பிரயோசனம். ஒரு நாள் மழையில நனைஞ்சு அடுப்பு மேல காய வச்சேன், தோல் அப்பளம் மாதிரி விறைச்சுப் போச்சு, தோல நிழல்ல காத்துலதான் காய வைக்கணும்.

சேர்கிட்ட 9 மில்லிமீட்டர் ஆக்கள் ஏன் கிளவுஸ் போடுறாங்கன்னு கேட்டேன். அவங்க தேவை வேற. ரெண்டு கையால பிடிக்கிறது, உதைப்பு இருக்கு, பிடிய மேல தள்ளிப் பிடிச்சா சுட்ட உடனே பின்னால வர்ற ஸ்லைட், அதாவது பிஸ்டலோட மேல் பகுதி, பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவுல இருக்கிற சதைய கிழிக்கும், தெறிக்கிற வெறும் தோட்டாக் கோது சுடும். அவங்களுக்கு அந்த நடுச்சதை இடத்துல தையல் இல்லாம, உள்ளங்கை மெல்லிசா, சுட்டு விரல் சதைப்பக்கம் தையல் வராம இருக்கணும், அளவு கொஞ்சமும் தொளதொளன்னு இருக்கக்கூடாது. ஏர் பிஸ்டல்ல உதைப்பும் இல்ல கோதும் இல்ல. "உனக்கு கை பாதுகாப்பு தேவையில்ல, சூடுதான் தேவை, சூட்டுக்கு ஏன் சுடுற நேரம் கிளவுஸ்?"னு கேட்டார். அந்த ஒரு கேள்வியோட நான் ரெண்டு மாசம் தேடினது தலைகீழா மாறிப் போச்சு.

மார்ச்ல செஞ்சது இதுதான். சுடும்போது வலது கை வெறும் கை. நான் பழைய சுவெட்டர் கம்பளியில பெருவிரல் மட்டும் தனியா, மத்த நாலும் ஒரே பைக்குள்ள போற மாதிரி பெருசா ஒண்ணு தைச்சுக்கிட்டேன், விரல்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா தனித்தனியா மூடினதை விட சூடு நிக்குது. ஒவ்வொரு சொட்டுக்குப் பிறகும் பிஸ்டல மேசையில வச்சுட்டு கைய அதுக்குள்ள விட்டு முப்பது நாப்பது செக்கன். போட்டியில 60 சொட்டுக்கு 75 நிமிஷம், அதாவது ஒரு சொட்டுக்கு ஒண்ணேகால் நிமிஷம், நேரம் போதும். இன்னொண்ணு, கழுத்துக்கு மப்ளர், தலைக்கு தொப்பி, ரெண்டு சோடி மேஸ். உடம்பு குளிர்ந்தா அது முதல்ல விரலுக்குப் போற ரத்தத்தைத்தான் குறைக்கும், அப்ப கிளவுஸ் எவ்வளவு தடிச்சாலும் உள்ள சூடே வராது. தொப்பி போட்ட முதல் ஞாயிறே கையில வித்தியாசம் தெரிஞ்சுது, கைக்கு மட்டும் செலவழிச்சுக்கிட்டு இருந்தேன், தலை திறந்து கிடந்துச்சு.

காலையில முதல் பத்து சொட் 86, 87, போன ஞாயிறு 89. குண்டெல்லாம் ஒரே கூட்டம்.

கழுவுற விஷயமும் சொல்லிடுறேன், பெலட் ஈயம், கையில கரியா ஒட்டும், அது கிளவுஸ்லயும் ஏறும். அந்த கிளவுஸோட ரொட்டி சாப்பிடாதீங்க, வாயில பல்லால கடிச்சு கழட்டாதீங்க, நான் ரெண்டையும் செஞ்சுக்கிட்டு இருந்தேன், சேர் கண்டுதான் நிப்பாட்டினார். முடிஞ்ச உடனே சவர்க்காரம் போட்டு கை கழுவி, கிளவுஸ தனிப் பையில போட்டு, வீட்டுல மத்த உடுப்போட சேர்க்காம தனியா அலசுறேன்.

இப்ப மிச்சம் இருக்கிறது இடது கை. பெலட் போடுறதும் பரல் மூடுறதும் அதாலதான், சுடும்போது கால்சட்டைப் பொக்கட்டுக்குள்ள இருக்கும். அந்த 8 அளவு நைட்ரைல் கிளவுஸ் சும்மா கிடக்குது, அதுல இடது பக்கத்த எடுத்து பெருவிரல், சுட்டு விரல், நடுவிரல் மூணோட நுனிய மட்டும் வெட்டி உள்ளுக்கு மெல்லிய பிளனல் துணி வச்சு தைச்சுக்கிட்டு இருக்கேன், அளவு பெருசுங்கிறதால துணிக்கு இடம் இருக்கு. அடுத்த ஞாயிறு போட்டுப் பார்த்துட்டு எப்படின்னு எழுதுறேன்.