ஒரு 1970 ஷெவெல் எல்.எஸ்.6 அசலா? – பரிசோதனை நாட்குறிப்பு

அக்டோபர் 5, 2024, சனி

ஒஹாயோவில் விலைக்கு வந்திருக்கும் 1970 மாடல் செவர்லே ஷெவெல் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட் என்ற வேகவகை) 454 காரை வாங்க நினைக்கும் நண்பர், அது உண்மையிலேயே எல்.எஸ்.6 எஞ்சினோடு ஆலையை விட்டு வந்த கார்தானா என்று பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார். எஞ்சின் பட்டறை வேலையிலேயே காலம் கழித்தவன் என்பதால் இந்த வேலையை மனமாரவே ஏற்றுக்கொண்டேன்.

நடுத்தர அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்துவதில்லை என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத் தானே விதித்திருந்த கட்டுப்பாட்டை 1970 மாடலில் கைவிட்டது. அப்போது ஷெவெலுக்குக் கிடைத்த 454 கன அங்குல எஞ்சின் இரண்டு வகையில் வந்தது: 360 குதிரைத்திறன் கொண்ட எல்.எஸ்.5 ஒன்று, 11.25க்கு 1 என்ற அழுத்த விகிதமும் 450 குதிரைத்திறனும் கொண்ட எல்.எஸ்.6 மற்றொன்று. அந்த ஆண்டில் விற்ற எல்.எஸ்.6 எஞ்சின்கள் 4,475 என்பதுதான் எல்லோரும் ஏற்கும் கணக்கு. இன்று அவற்றுள் நல்ல கார் ஒன்று லட்சம் டாலரைத் தாண்டி விலை போகிறது. சாதாரண ஷெவெல் மாலிபு ஒன்றை எல்.எஸ்.6 என்று மாற்றிக் காட்டுவதில் இருக்கும் ஆதாயத்தை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

காரைப் பார்க்கப் போகுமுன் படங்களையும் தாள்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டேஷ்போர்டின் மேல், கண்ணாடி வழியே தெரியும் அடையாள எண் 13637 என்று தொடங்குகிறது. செவர்லே, வி8 எஞ்சின் கொண்ட மாலிபு, இரண்டு கதவு கூப்பே என்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்து வரும் 0 ஆண்டையும், கே என்ற எழுத்து கான்சாஸ் சிட்டியின் லீட்ஸ் ஆலையையும் குறிக்கின்றன. எந்த வி8 என்பதையோ, எஸ்.எஸ். உண்டா இல்லையா என்பதையோ அந்த எண் சொல்வதே இல்லை. அதே ஆண்டின் பிளிமத் ஹெமி குடா காராக இருந்திருந்தால், ஐந்தாவது இடத்திலுள்ள ஆர் என்ற எழுத்தே 426 ஹெமி எஞ்சினைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

போன்டியாக் கார்களுக்கும் 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கும் ஆலைப் பதிவேட்டிலிருந்து நகல் வாங்கிவிடலாம். அமெரிக்காவில் விற்ற செவர்லே கார்களுக்கு அந்த வசதி கிடையாது. கனடாவில் புதிதாக விற்றவற்றுக்கு மட்டும் பதிவுகள் மிஞ்சியிருக்கின்றன. இந்தக் கார் மிசௌரியில் விற்றது. ஆகவே சாட்சி எதுவானாலும் காருக்குள்ளேயேதான் தேட வேண்டும்.

அக்டோபர் 12, சனி

காலை முழுவதும் கொட்டகையில் காரோடு கழிந்தது. எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள தகட்டில் 02டி என்றிருக்கிறது: பிப்ரவரி நான்காவது வாரம். நிற எண் 75, கிரான்பெரி சிவப்பு. கதவு விளிம்புகளில் சுரண்டிப் பார்த்தபோதும் அடியில் வேறு நிறம் இல்லை. எஸ்.எஸ். கார்களுக்குரிய வட்ட மீட்டர் டேஷ்போர்டு, பின் அச்சின் பன்னிரண்டு போல்ட் கூடு, பின் ஸ்டெபிலைசர் கம்பி எல்லாம் இருக்கின்றன. இவற்றுக்கு நான் பெரிய மதிப்பு கொடுப்பதில்லை, ஏனென்றால் அத்தனையும் ஸ்பானர் கொண்டு மாற்றக்கூடியவை. 3964291 என்ற வார்ப்பு எண் கொண்ட சிலிண்டர் ஹெட்டுகளும் ஹாலி கார்பரேட்டரும் சரியானவைதான். ஆனால் அவையும் பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைப்பவையே. எஞ்சினின் உடலான பிளாக்கின் 3963512 என்ற எண் எல்.எஸ்.5க்கும் பொது என்பதால் அதனால் பயனில்லை.

உண்மையில் பார்க்க வேண்டிய இடம், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் துருத்தி நிற்கும், இரண்டு விரல் அகலமே உள்ள சிறு தளம். கம்பி பிரஷ் போடக் கூடாது என்று உரிமையாளரிடம் முன்பே சொல்லியிருந்தேன். தின்னரில் நனைத்த பருத்தித் துணியால் பெயின்டை மெல்ல மெல்லக் கரைத்தெடுத்து, டார்ச்சைத் தரைமட்டமாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மேல் வரியில் டி (T) 0212 சி.ஆர்.வி. நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டா ஆலையில் பிப்ரவரி 12 அன்று பூட்டிய, மேனுவல் கியர் எல்.எஸ்.6 என்று பொருள். கீழ் வரியில் 10கே என்று தொடங்கி இந்தக் காரின் தொடர் எண். வாசித்த அளவில் எல்லாம் பொருந்துகிறது.

பொருந்தாதது எழுத்துக்கு அடியிலிருந்த உலோகம். ஆலையில் பிளாக்கின் மேற்தளத்தை, இந்தச் சிறு தளத்தையும் சேர்த்து, புரோச்சிங் இயந்திரம் ஒரே இழுப்பில் செதுக்கும். அது விட்டுச்செல்லும் மெல்லிய இணைகோடுகள் முன்னிருந்து பின்னாக ஓடும். எழுத்துகள் அந்தக் கோடுகளுக்கு மேலேதான் விழும். இங்கே கோடுகளே இல்லை. மங்கலான வளைவுத் தடங்கள்தான் தெரிகின்றன. பிற்காலத்தில் ஏதோ ஒரு பட்டறையில் எஞ்சினைப் பிரித்து மேற்தளத்தை மில்லிங் செய்திருந்தால் கோடுகள் போவது இயல்பு, அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் கோடுகளை அழிக்கிற அந்த வேலை எழுத்துகளை மட்டும் இவ்வளவு கூர்மையாக எப்படி விட்டுவைத்திருக்கும்?

அக்டோபர் 13, ஞாயிறு

இரவெல்லாம் அந்த இரண்டு வரிகளே நினைவில் இருந்தன. மேல் வரியைப் பதித்தது டோனவாண்டா. கீழ் வரியைப் பதித்தது, எஞ்சின் வந்து சேர்ந்த பிறகு, கான்சாஸ் சிட்டி. இரண்டு ஊர், இரண்டு கை, இரண்டு பன்ச் செட். ஆழமும் சாய்வும் வேறுபடுவதுதான் இயற்கை. இங்கே இரண்டு வரிகளும் ஒரே மூச்சில் பதித்தவை போல ஒத்திருக்கின்றன.

கியர்பாக்ஸில் எந்தச் சந்தேகமும் எழவில்லை. மன்ஸி எம்22, தயாரிப்புத் தேதி பிப்ரவரியில் விழுகிறது. அதன் மேலும் காரின் தொடர் எண் இருக்கிறது. ஊரில் வண்டிக்குப் பெயர் மாற்றும்போது சேஸிஸ் எண்ணின் மேல் தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்து எடுப்போமே, அதே முறையில் பிளாக்கிலிருந்தும் கியர்பாக்ஸிலிருந்தும் படி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் தொடர் எண்ணைப் பதித்தது ஒரே கார் ஆலை என்பதால் எழுத்துருவம் பெரும்பாலும் ஒத்திருக்கும். கியர்பாக்ஸில் உள்ள 0 ஒடுங்கி நீண்டது. பிளாக்கில் உள்ள 0 ஏறக்குறைய வட்டம். 3 என்ற இலக்கத்தின் தலை ஒன்றில் தட்டை, மற்றொன்றில் வளைவு.

இது வலுவான ஐயம்தான், முடிவல்ல. எழுத்துருவை மட்டும் வைத்து ஒருவருடைய காரைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வராது. எஞ்சினை வார்த்த தேதியையும் பார்த்தாக வேண்டும்.

அக்டோபர் 19, சனி

காரை உயர்த்தி, பிளாக்கின் பக்கவாட்டில் தடித்துப் படிந்திருந்த ஆரஞ்சு பெயின்டை அகற்றினோம். வார்ப்பிலேயே உருவான தேதியை, பதித்த எழுத்தைப் போல ஒரு மாலையில் உண்டாக்க முடியாது. அரத்தால் அராவி நீக்கத்தான் முடியும். இதில் யாரும் நீக்கவில்லை. டி (D) 14 0 என்று தெளிவாகப் புடைத்து நிற்கிறது. ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று போகும் வரிசையில் டி என்பது ஏப்ரல். 1970 ஏப்ரல் 14இல் உருக்கி ஊற்றிய பிளாக், அதே ஆண்டு பிப்ரவரி 12இல் பூட்டிய எஞ்சினாக இருக்க வழியே இல்லை.

உரிமையாளர் அதைத் தாமே கைவிளக்கு பிடித்துப் பார்த்தார். இந்த நிலையிலேயேதான் தாமும் வாங்கியதாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தபோது நம்பத்தான் தோன்றியது. பெட்ரோல் டாங்கை இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன், மறுக்காமல் சம்மதித்தார்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஆலைத் தொழிலாளிகள் எந்தக் காருக்கு எந்தப் பாகம் என்று பார்த்துப் பொருத்திய தாள், பெரும்பாலும் டாங்கின் மேலேயே தங்கிவிடும். பட்டைகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. டாங்க் இறங்கியபோது தாள் இருந்தது. ஒரு மூலையை எலி தின்றிருக்கிறது, நடுவே டாங்கின் வரிப்பள்ளங்கள் துருவாகப் பதிந்திருக்கின்றன. புதுத்தாளைத் தேநீரில் தோய்த்துப் பழையதாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இந்தத் துருத்தடம் அடியிலிருக்கும் உலோகத்தோடு கோடு கோடாகப் பொருந்துகிறது. நீராவி காட்டி, தட்டையான மரச்சட்டத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தெடுத்தோம். தொடர் எண் இந்தக் காருடையது. எஞ்சின் கட்டத்தில் சி.ஆர்.வி.

அதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. கார் அசல் எல்.எஸ்.6 கார்தான். அதோடு வந்த எஞ்சின் எந்தக் காலத்திலோ போய்விட்டது. வேறொரு 454 பிளாக்கைப் போட்டிருக்கிறார்கள். பந்தயச் சாலைகளில் ஓடிய எஞ்சின்கள் உடைவது அந்த நாட்களில் புதிதல்ல, மாற்றியதை மாற்றியதாகவே விட்டிருந்தால் இந்தக் காருக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சிறு தளத்தை வழித்துப் பொய் எண்ணைப் பதித்தவர்தான், உண்மையான ஒரு காரின் மேல் இத்தனை சந்தேகத்தைச் சுமத்தியவர்.

அக்டோபர் 27, ஞாயிறு

நண்பருக்கு அறிக்கை அனுப்பியாயிற்று. அசல் எஞ்சின் இல்லாத, ஆலைத்தாள் உள்ள எல்.எஸ்.6 என்ற விலைக்கு மட்டும் பேசும்படி எழுதினேன். பேரம் நான்கைந்து நாள் இழுத்தது. உரிமையாளர் கடைசியில் இறங்கி வந்தார். விற்பனைப் பத்திரத்திலும் எஞ்சின் அசல் அல்ல என்று எழுதவும் இசைந்தார்.

பொய்ப் பதிவை அரைத்து எடுத்துவிடலாமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். தளத்தின் படம், இரண்டு பென்சில் படிகள், வார்ப்புத் தேதியின் படம், ஆலைத்தாள் ஐந்தும் ஒரே கோப்பில் காரோடு இருக்க வேண்டும். அடுத்து வாங்குபவர் கோப்பையும் பிளாக்கையும் அருகருகே வைத்துப் பார்க்க அந்தப் பதிவும் இருந்தே ஆக வேண்டும். ஆலைத்தாளை அமிலமற்ற உறையில் போட்டுத் தட்டையாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். லாமினேட் செய்துவிடக் கூடாது.