ஜாம் போத்தலும் பஞ்சும் நூல்திரியும்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயும் பற்றரியும் அரசாங்கத்தின் தடைப் பட்டியலில் ஏறின. அந்தக் காலத்தைப் பற்றி நினைவு மலர்களில் எழுதுவோர் பலர், "நம்பிக்கைதான் எங்களைப் படிக்க வைத்தது" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்குப் பின்னேரந்தோறும் விளக்குப் போத்தல் துடைத்து, திரி கத்தரித்து, எண்ணெய் அளக்க வேண்டியிருந்ததை பிறகு பிறந்த பிள்ளைகள் அறியமாட்டார்கள்.

விளக்கு இதுதான். அகன்ற வாயுள்ள ஜாம் போத்தல், அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு ஊறுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய்; போத்தலைச் சரித்தால் ஓடக்கூடாது. பழைய சயிக்கிள் ரியூபில் வெட்டியெடுத்த வால்வுக்கட்டைக்குள் நூல்திரியை நுழைத்து, கம்பியால் போத்தல் விளிம்பில் கொளுவித் தொங்கவிட வேண்டும். திரியின் வால் பஞ்சில் முட்டவேண்டும். நுனி ஒரு நெல்மணியளவு வெளியே நிற்கவேண்டும். சுடர் உள்ளேயே எரிவதால் காற்றுக்கு அணையாது, தனிச் சிமினியும் தேவையில்லை. வாய் அகலமாக இருப்பது முக்கியம்: சூடான காற்று நடுவால் ஏற, புதுக்காற்று ஓரத்தால் இறங்கவேண்டும். கழுத்து ஒடுங்கிய போத்தலில் சுடர் மூச்சடைத்துப் போகும்.

எண்ணெயைக் கூட விட்டால் கூடநேரம் எரியும் என்று நினைப்பது புதிதாகச் செய்பவர்களின் பிழை. தேங்கிய எண்ணெய் சூடேறி, ஆவி பிடித்து, போத்தல் முழுவதும் எரியும். பெற்றோல் கலந்த எண்ணெய் என்றால் சொல்லவே வேண்டாம். திரி நீண்டால் கரி. காலையில் மூக்குச் சளியே கறுப்பு. கம்பி சாய்ந்து சுடர் கண்ணாடியில் பட்டால் போத்தல் வெடிக்கும். கழுவிவிட்டு ஈரம் உலராமல் கொளுத்தினாலும் அதே கதைதான், ஆகையால் துடைக்கச் சாம்பலும் பழந்துணியுமே நல்லது.

பௌதிகம் படித்தவர்களுக்குத் தூரத்தின் நேர்மாறு வர்க்க விதி நினைவிருக்கும்: விளக்குக்கும் புத்தகத்துக்கும் இடைவெளி பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. அதனால் தலையைக் கவிழ்த்துப் படிப்பார்கள், முன்மயிர் பொசுங்கும். விளக்கின் பின்னால் ஒரு வெள்ளைத்தாளை நிறுத்தினால் கொஞ்சம் உதவும்.

றேடியோவில் செய்தி கேட்க சயிக்கிள். கவிழ்த்து வைத்துக் கையால் பெடலைச் சுற்றினால் டைனமோ 6 வோல்ட், 3 வாற்று தரும். அது ஆடலோட்டம், திசை மாறிமாறி ஓடும் மின்சாரம். அதை ஒரே திசைக்குத் திருப்ப நாலு டயோட்டும், சீராக்க ஒரு கொள்ளளவியும் போட்டால்தான் றேடியோ இரையாமல் பேசும். உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினால் வோல்ட் ஏறி றேடியோ கருகிவிடும். சுற்றுபவருக்குச் செய்தி பாதிதான் காதில் விழும்!

இவ்வளவு செய்தும் பலருக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அப்போது பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானித்த உயர்தரப் பரீட்சைக்கு நான்கு பாடங்கள். உயிரியல் பிரிவென்றால் தாவரவியல், விலங்கியல், இரசாயனம், பௌதிகம். நாலையும் கூட்டிய புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டவேண்டியிருந்தது. உழைப்புக்கு அங்கே தனிப்புள்ளி கிடையாது. பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைக்கு மேல் எழுதவும் முடியாது. மூன்றாம் தடவையும் தவறியவர்கள் ரியூசன் கொட்டில்களில் படிப்பிக்கப் போனார்கள், கடைக்குப் போனார்கள், குடாநாட்டைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கும் கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புக்குப் போனார்கள். போகுமுன் தங்கள் கொப்பிகளை அடுத்த வகுப்புக்குக் கொடுத்தார்கள். அந்தக் கொப்பிகளின் மேலோரம் கரிபிடித்திருக்கும். விளக்கு எந்தப் பக்கம் இருந்ததென்று வாங்கியவருக்கு உடனே தெரியும்.