கொடியைப் பாருங்க டீச்சர்

வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதிலை எத்தனையோ தரம் திருப்பி யோசித்துவிட்டேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் மனம் ஆறுதில்லை.

புளோரிடாவில் இருக்கிற மச்சாள், மகளைக் கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகத்துக்குக் கூட்டிப்போயிருந்தா. பறந்து முடித்த அட்லாண்டிஸ் விண்ணோடத்தையே அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். விண்வெளிக்குப் போய்வந்தவர்களும் அங்கே வந்து சனத்தோடு கதைப்பார்கள். நீல உடுப்போடு நின்ற கறுப்பின வீரர் ஒருவரோடு எங்கள் பிள்ளை எடுத்த படத்தை மச்சாள் அனுப்ப, நான் அதைத் தரம் 10 வகுப்பில் காட்டினேன். காரணம் இருந்தது. விண்வெளி வீரரைக் கீறச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் கீறுவது ஒரு வெள்ளைக்காரனைத்தான்.

படத்தோடு நிற்காமல் ஸ்டார் ட்ரெக் கதையையும் சொன்னேன். 1966இல், கறுப்பின மக்கள் வாக்குரிமைக்கே அடிவாங்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்தத் தொலைக்காட்சித் தொடர் ஒரு கறுப்பினப் பெண்ணை விண்கப்பலின் தொடர்பாடல் அதிகாரியாக உட்கார வைத்தது, அந்த வேடத்தில் நடித்த நிஷெல் நிக்கல்ஸ் விலகப் போனபோது விலக வேண்டாம் என்று மறித்தவர் மார்ட்டின் லூதர் கிங், பிறகு 1977இல் நாசா ஆள் எடுத்தபோது பெண்களையும் கறுப்பின மக்களையும் விண்ணப்பிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போனவரும் அதே நிக்கல்ஸ்தான். அடுத்த வருடம் தெரிவான 35 பேரில் ஆறு பேர் பெண்கள். அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த கறுப்பினப் பெண் மே ஜெமிசன் 1992இல் எண்டெவர் விண்ணோடத்தில் போனார், மறு வருடமே ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தொடர் ஒன்றில் நடித்தும் காட்டினார்.

வகுப்பு நல்ல அமைதியாகக் கேட்டது. இரண்டாம் வரிசைப் பிள்ளை மட்டும் என் போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெருப்பித்து, வீரரின் தோள்பட்டையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நிறம் எங்கட நிறம்தான். கொடியைப் பாருங்க டீச்சர்."

நான் விண்வெளிக்குப் போன கல்பனா சாவ்லாவைச் சொன்னேன். ஹரியானாவில் பிறந்தவர், அவரும் பெண். "அவவும் அமெரிக்காவுக்குப் போய்த்தானே ஏறினவ?" என்றாள். உண்மைதான், 1982இல் படிக்கப் போனவர், பிறகு அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்தவர். அப்போது நான் சொன்னது: "கொடி பிறகு வரும் பிள்ளை, முதல்ல நீ போ."

அவள் சிரித்துவிட்டுப் போனைத் தந்தாள். மணி அடித்தது.

நான் விண்வெளிக்குப் போ என்றுதான் சொன்னேன். ஆனால் எங்கள் ஊரில் 'போ' என்றால் பிள்ளைகளுக்கு என்ன கேட்கும்? அவளுடைய வகுப்பிலேயே பாதிப் பேருக்கு அண்ணாவோ மாமாவோ கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். வீட்டில் தினமும் கேட்கிற சொல்லை அறிவியல் டீச்சரும் சொன்னால், அவள் ரொக்கட்டையா நினைத்திருப்பாள்?

பிறகு ஆசிரியர் அறைக்கு வந்தபோது, இங்கேயே இருந்து செய் என்று சொல்லியிருக்கலாமே என்று ஒரு சேர் கேட்டார். எதை வைத்துச் செய்ய? 2019இல் போன இராவணா-1 செய்மதியை இலங்கைப் பொறியியலாளர்கள் இருவர்தான் செய்தார்கள், அதுவும் ஜப்பானில் இருந்து. ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடின பாரம். திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அங்கே இராவணன் வெட்டு என்கிற மலைப் பிளவை எட்டிப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மலரும், அது எனக்குத் தெரியும். ஆனால் அதையும் ஏற்றிக்கொண்டுபோனது அமெரிக்க ரொக்கட். அவள் அதையும் பெருப்பித்துப் பார்த்திருப்பாள்.

தொலைக்காட்சியில் தன் முகத்தைக் காண்பது பெரிய விஷயம் என்று நான் இன்னும் நம்புகிறேன், நிக்கல்ஸின் கதை அதற்குச் சாட்சி. ஆனால் சிக்காகோவில் வளர்ந்த ஜெமிசனுக்கு அந்த முகத்தோடு சேர்த்து அதே நாட்டில் ரொக்கட்டும் இருந்தது. எங்கள் பிள்ளைக்கு முகத்தை மட்டும் காட்டுவது ஆசையை மூட்டுவதா, அல்லது விமானச் சீட்டைக் காட்டுவதா? சில நாள் முதலாவது என்று படுகிறது. சில நாள் இரண்டாவதாக இருந்தாலும் என்ன, போகட்டுமே, கல்பனாவும் போனவர்தானே என்று படுகிறது. அப்படி நினைத்த உடனேயே வகுப்பில் வெறுமையாகப் போன வாங்குகள் கண்ணுக்கு முன்னால் வருகின்றன.

அவள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கப் போவதாகத் தாய் சொன்னா. ஏன் என்று நான் கேட்கவில்லை.